கஞ்சாச் செடிக்கு மஞ்சள் இலை: போத்தல் வாங்கமுதல் தரையைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: அண்ணை, ஸ்காபரோவில் எங்கள் சொந்த வீட்டுப் பேஸ்மென்ற்றில் 4 அடிக்கு 4 அடிக் கூடாரம் போட்டு, எல்.ஈ.டி. விளக்கின் கீழ் நாலு கஞ்சாச் செடி வைத்திருக்கிறேன். செயற்கை உரம் வேண்டாம் என்றுதான் உயிர்மண் கலவை (கூட்டெருவும் நுண்ணுயிரும் நிறைந்த மண்) வாங்கி, அதற்கு மேல் நானும் வேப்பம் பிண்ணாக்கும் கடற்பாசித் தூளும் கலந்தேன். 20 லீற்றர் துணிச்சாடிகள். முளைத்து 38 நாள். மூன்று வாரம் நல்லாய் வந்தவை. இப்போது அடியிலைகள் மஞ்சளாகி, தொட்டால் கையோடு வருகின்றன. பின்னேரமானால் இலைகள் தொங்குகின்றன. சின்னக் கறுப்பு ஈக்களும் பறக்கின்றன. இரண்டு நாளுக்கு ஒருமுறை கீழே வடியும்வரை தண்ணீர் விடுகிறேன். கடையில் படத்தைக் காட்டினேன். மக்னீசியக் குறை என்று சொல்லி கால்-மேக் (கால்சியமும் மக்னீசியமும் கலந்த போத்தல் உரம்), பி.எச். குறைக்கும் (புளிப்பைக் கூட்டும்) திரவம், வேர் ஊக்கி மூன்றும் எடுக்கச் சொன்னார்கள். 140 டொலர். அதற்கு முதல் மண்ணை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவவும் சொன்னார்கள். மக்னீசியமா, நைதரசனா? எதைக் கொடுக்க? மூன்று படம் அனுப்பியிருக்கிறேன். வீட்டில் சின்னப் பிள்ளையும் இருக்கிறது. தண்டும் ஊதா நிறமாக வருகிறது.

பதில்: தம்பி, கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மக்னீசியம் குறைந்தால் அடியிலையில் நரம்பு பச்சையாக நிற்கும், நரம்புக்கு நரம்பு இடைப்பட்ட இடம் மட்டும் வெளுக்கும். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் இலை நரம்போடு சேர்ந்து, பழுத்த பலாவிலை மாதிரி ஒரே மஞ்சள். அது நைதரசன் போன இலை. ஆனால் கூட்டெருவும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்த மண்ணில் ஐந்தாறு வாரத்துக்குள் நைதரசன் இலேசில் தீர்ந்துபோகாது. மண்ணில் இருக்கிறது, வேரால் எடுக்க முடியவில்லை. ஆகவே ஒன்றும் கொடுக்காதீர்கள். கழுவுகிற வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மூச்சு முட்டிக் கிடக்கிற வேருக்கு மேல் இன்னும் வாளி வாளியாக ஊற்றினால் அது அழுகித்தான் போகும்.

சரி, இனி நீங்கள் கேட்காத கேள்வி. உங்கள் சாடியின் அடிமண் எவ்வளவு குளிர்?

மூன்றாவது படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். செடியைக் காட்ட எடுத்த படம். அதன் கீழ் மூலையில் சாடியின் தட்டு தெரிகிறது. தட்டு வெறும் சீமெந்துத் தரையில் இருக்கிறது. தட்டுக்குள் தேநீர் நிறத்தில் விரல்கட்டை அளவு தண்ணீர் நிற்கிறது. மண்ணின் மேலே ஒரு பக்கம் பச்சைப் பாசி படர்ந்திருக்கிறது. இவ்வளவும் கண்ட பிறகு இலையைப் பார்க்க எனக்குத் தேவை இருக்கவில்லை.

மார்ச் மாதத்தில் ரொறன்ரோப் பேஸ்மென்ற் தரையில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், விறைக்கும். சுவரில் மாட்டிய கருவி 22 பாகை காட்டும், விளக்கின் கீழே 25 இருக்கும், சாடியின் அடியில் 14கூட இருக்கலாம். அந்தக் காலத்துச் சோடியம் விளக்குகள் வெக்கையை அள்ளிக் கொட்டின, மண்ணும் சேர்ந்து சூடானது. எல்.ஈ.டி. அப்படிச் செய்யாது. விளக்கை மாற்றியவர்கள் பலர் தரையை மறந்துவிட்டார்கள். உயிர்மண்ணில் செடிக்குச் சாப்பாடு போடுவது நுண்ணுயிர். பிண்ணாக்கில் இருக்கிற நைதரசனை உடைத்து அமோனியமாக்கி, அதை நைத்திரேற்றாக மாற்றிக் கொடுக்கிற பக்ரீரியாவுக்குக் காற்றும் வேண்டும், சூடும் வேண்டும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் அதன் வேலை மிகவும் மந்தமாகிவிடும். போத்தல் உரத்தில் வளர்ப்பவருக்குக் குளிர்ந்த மண் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். உயிர்மண்காரருக்கோ அடுப்பே அணைந்த மாதிரி. தண்டு ஊதா நிறமாக வருகிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்களே, அதற்கும் குளிர் காரணமாயிருக்கலாம். குளிர்ந்த வேர் பொஸ்பரஸையும் சரியாக எடுக்காது.

இன்றைக்கே செய்யவேண்டியது: தட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள். சாடிகளைத் தரையிலிருந்து தூக்கி, தடித்த ஃபோம் பலகைக்கு மேல் மரச்சட்டம் போட்டு, அதன்மேல் வையுங்கள், அடியால் காற்று ஓடட்டும். குசினியில் இறைச்சிக்குக் குத்துகிற தெர்மோமீற்றர் இருந்தால் அதை நன்றாகக் கழுவிச் சாடியின் பக்கவாட்டில், துணிக்கு ஊடாக, அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் குத்திப் பாருங்கள். 20க்கு மேல் வரவேண்டும். 24 என்றால் நல்லது. விளக்கை ஓர் அடி உயர்த்துங்கள் அல்லது வெளிச்சத்தைக் குறையுங்கள். வேர் படுத்திருக்கும்போது இலையை ஓடச் சொல்லக் கூடாது. சாடியைத் தூக்கினால் ஆச்சரியப்படும் அளவுக்கு இலேசாகும் வரைக்கும் தண்ணீர் விடாதீர்கள். ஐந்து நாளாகலாம், எட்டு நாளாகலாம். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டு இருக்கவேண்டாம். குருத்தைப் பாருங்கள். குருத்து இரண்டு வாரம் நல்ல பச்சையில் வரும்வரை விளக்கைப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மாற்றிப் பூக்க வைக்காதீர்கள்.

பின்னேரம் இலை தொங்குவதில் ஒரு விசயம். விளக்கணைய ஒரு மணித்தியாலம் இருக்கும்போது கொஞ்சம் தொங்குவது இந்தச் செடியின் இயல்பு, நித்திரைக்குப் போகிறது. தாகத்தில் தொங்கும் இலை மெலிந்து துணி மாதிரி இருக்கும். தண்ணீர் கூடித் தொங்கும் இலை தடித்து, காம்பிலிருந்து வளைந்து பாரமாக நிற்கும். விளக்குப் போட்டு இரண்டு மணித்தியாலம் கழித்தும் அப்படியே நின்றால் பிரச்சினை வேரில்.

கால்-மேக் பற்றிச் சொல்லாமல் விட என்னால் முடியாது. அந்தப் போத்தல், உப்பெல்லாம் எடுத்து வடிகட்டிய தண்ணீரிலும் தேங்காய்த் தும்பிலும் வளர்ப்பவர்களுக்கு உதவும். உங்கள் குழாயில் வருவது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர், கால்சியமும் மக்னீசியமும் ஏற்கெனவே கரைந்திருக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் பெரும்பங்கு கால்சியம்தான். பிறகு ஏன் கால்-மேக் விட்டவர்கள் எல்லாரும் "செடி பச்சையாகிவிட்டது" என்கிறார்கள்? அனேகமான கால்-மேக்கில் கால்சியம் நைத்திரேற்றாக இருக்கிறது. அதில் வரும் நைதரசன்தான் இலையைப் பச்சையாக்குகிறது. ஆள் மக்னீசியம் வேலை செய்தது என்று நினைத்துக்கொண்டு அடுத்த போத்தல் வாங்குகிறார். மண் அப்படியே கெட்டுக் கிடக்கிறது. பி.எச். குறைக்கிற திரவமும் அப்படித்தான். தட்டில் வடிந்த தண்ணீரை அளந்துவிட்டு மண்ணுக்கு வைத்தியம் பார்க்க முடியாது. கூட்டெரு நிறைந்த மண் தன் பி.எச்.சைத் தானே பிடித்து வைத்திருக்கும். உயிர்மண் வாங்க வந்தவருக்குப் போத்தலையும் சேர்த்து விற்கிற கடைக்காரருக்கு அந்த மண்ணில் நம்பிக்கை இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அப்படிப்பட்ட கடையில் மண்ணும் வாங்காதீர்கள். மண் மூட்டையை அவிழ்த்து ஒரு கைப்பிடி மணந்து பார்க்க விடுகிற இடத்தில் வாங்குங்கள். மழை விழுந்த செம்மண் மணம் வரவேண்டும். அந்த மணத்தைக் கொடுப்பது மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர். புளித்த மணமோ கூழ்முட்டை நாற்றமோ வந்தால் அந்த மூட்டைக்குள் காற்று இல்லை. உங்கள் சாடியின் அடிமண்ணையும் இப்படி ஒருமுறை மணந்து பாருங்கள்.

இந்த உயிர்மண் என்பதை இங்கே புதுக் கண்டுபிடிப்பு மாதிரி விற்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன். நடுகைக்கு முதல் பூவரசங்குழை வெட்டிக் கட்டுக்கட்டாக வரும். ஐயா சால் கிழித்து, குழையைப் பரவி, மிதித்து மூடுவார். குழை தாழ்க்கிறது என்போம். பழைய வேலி பிரித்த பனையோலையும் மண்ணுக்குள்தான் போகும். மாட்டை இரவில் தறையில், அதாவது தோட்ட நிலத்தில், பட்டி கட்டுவோம், சாணமும் சலமும் விழுந்த இடத்துக்கே உரம். ஆனால் குழை தாழ்த்த அடுத்த நாள் கன்று நட்டால் ஐயா அடிக்க வருவார். அது அவிந்து, சூடு அடங்கி, மண்ணோடு மண்ணாக வேண்டும். கையை உள்ளே விட்டுப் பார்த்துத்தான் சரி என்பார்.

அதனால்தான் கேட்கிறேன்: நீங்கள் வாங்கிய கலவைக்கு மேலே நீங்களும் வேப்பம் பிண்ணாக்கும் கடற்பாசித் தூளும் கலந்தேன் என்கிறீர்களே, எத்தனை நாள் வைத்திருந்தீர்கள்? ஈரமாக்கி, மூடி, வாரம் ஒருமுறை பிரட்டி, குறைந்தது நாலு வாரம் விடவேண்டும். ஆறு என்றால் நிம்மதி. பச்சைப் பிண்ணாக்கு அவியும்போது வெக்கையும் அமோனியாவும் கிளம்பும், இளம் வேர் கருகும். பொறுமை இல்லாதவர்களுக்கு உயிர்மண் சரிவராது. கோபிக்காதீர்கள், இது உங்களுக்கு மட்டும் சொல்வது அல்ல.

இன்னொன்று, மண்ணை மூடுங்கள். வெறும் மண்ணாக விடுவதைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. மேலே இரண்டு விரல்கட்டைக்கு மண்புழு எரு, அதன்மேல் வைக்கோலோ காய்ந்த இலையோ. மண்புழுவையும் விடுங்கள். மீன்பிடிக்க விற்கும் பெரிய புழு இல்லை, கூட்டெருவில் வாழும் சிவப்புப் புழு. புழு மேலே வந்து சாடியின் சுவரில் ஏறித் தப்ப நினைத்தால் அனேகமாகத் தண்ணீர் கூடிவிட்டது என்று விளங்கிக்கொள்ளலாம். நான் எந்தக் கருவியையும்விட அதைத்தான் நம்புகிறேன். ஆனால் இப்போது மூடவேண்டாம், மண் உலர்ந்து தேறிய பிறகு.

கறுப்பு ஈ, ஈரம் கூடினால் வரும் விருந்தாளி. பறப்பது செடியைத் தின்னாது. மேல்மண்ணில் இருக்கும் புழுக்கள்தான் பூஞ்சணத்தோடு சேர்த்து வேர்முடியையும் தின்னும். ஓர் உருளைக்கிழங்குத் துண்டை மண்மேல் கவிழ்த்து வைத்து இரண்டு நாளில் திருப்பிப் பாருங்கள். கறுத்த தலையும் கண்ணாடி உடம்புமாக நெளிந்தால் அவைதான். மண் காய்ந்து அடுத்த தண்ணீர் விடும்போது பி.ரி.ஐ. என்ற பக்ரீரியாவை அதில் கரைத்து விடுங்கள், நுளம்புப் புழுவுக்குப் பாவிப்பதும் இதைத்தான். மூன்று நாலு வாரம் ஒவ்வொரு தண்ணீரோடும் கொடுத்தால்தான் முட்டையிலிருந்து வருவதும் சேர்ந்து முடியும். மஞ்சள் நிற ஒட்டும் அட்டை பறப்பதை எண்ணிப் பார்க்க உதவும், அவ்வளவுதான். மிளகாய்த் தூள், கறுவாத் தூள் தூவுகிற வேலை எல்லாம் வேண்டாம்.

கடைசியாக, சாடியின் அளவு. 20 லீற்றர் மண்ணில் உயிர்மண் முறை சரியாகப் பிடிக்காது. அவ்வளவு கொஞ்ச மண் பெரிய சாடியைவிட விரைவில் காயும், ஒரு தண்ணீரில் ஊறும், சூடும் குளிரும் உடனே ஏறி இறங்கும். நுண்ணுயிருக்கு நிலையான வீடு வேண்டும். ஒரு செடிக்கு 60, 75 லீற்றர் என்றால்தான் நான் ஒத்துக்கொள்வேன். 2018 ஒக்ரோபர் 17இலிருந்து ஒன்ராறியோவில் ஒரு வீட்டுக்கு நாலு செடி வரை சட்டம் அனுமதிக்கிறது. வீட்டில் எத்தனை பெரியவர்கள் இருந்தாலும் அதே நாலுதான். நாலு வைக்கலாம் என்பதற்காக நாலு வைக்கவேண்டும் என்று இல்லை. உங்கள் கூடாரத்தில் அடுத்த முறை இரண்டு 75 லீற்றர் சாடி, இரண்டு செடி வையுங்கள். அந்த அளவு சாடியில் வளர்ந்த செடிக்கு நான் மூன்று நாளுக்கு ஒருமுறை மூன்றரை, நாலு லீற்றர், பூவாளியால் மெதுவாக, தட்டுக்கு ஒரு துளியும் வராமல் விடுவேன். கீழே வடியும்வரை ஊற்று என்பது போத்தல் உரக்காரரின் பழக்கம், உப்புத் தேங்காமல் இருக்க அவர்கள் அப்படிச் செய்யவேண்டும். நீங்கள் வடித்தால் உரம்தான் வடிகிறது. தட்டில் தேநீர் நிறத்தில் நின்றது அதுதான். அறுவடை முடிந்த பிறகு மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். தண்டை மண்மட்டத்தில் வெட்டி, வேரை உள்ளே உக்க விட்டு, பக்கத்தில் அடுத்த கன்றை நடுங்கள். அந்த மண் வருடா வருடம் நல்லாய் வரும்.

உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கூடாரம் இருக்கும் அறைக்குப் பூட்டுப் போடுங்கள், திறப்பு உங்களிடம் இருக்கட்டும். கியூபெக்கில் இருப்பவர்கள் வீட்டில் ஒரு செடியும் வைக்க முடியாது, ஊரிலோ இந்தியாவிலோ இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அங்கே இது குற்றம். ஆனால் குளிர்தரை, தட்டுத் தண்ணீர், சிறிய சாடி பற்றி எழுதியது பேஸ்மென்ற்றில் கறிவேப்பிலை வைத்திருக்கிற எல்லாருக்கும் அப்படியே பொருந்தும். பனிக்காலத்தில் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி அந்தக் கறிவேப்பிலையைப் பற்றித்தான்.

பத்து நாள் கழித்து எழுதுங்கள். மஞ்சள் இலையின் படம் வேண்டாம். உச்சிக் குருத்தின் படமும், சாடியின் அடியில் குத்திய தெர்மோமீற்றரின் இலக்கமும் போதும்.