ஆவாரை விதை முளைக்க: கேள்வி பதில்

கேள்வி (ஆரல்வாய்மொழி): ஐயா, முப்பந்தல் பக்கத்துச் செடிகளில் எடுத்த ஆவாரை விதையை வேலியோரம் தூவினேன். மழை பெய்தும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதையில் குறையா?

பதில்: அப்படி நினைக்க வேண்டியதில்லை. ஆவாரை வறண்ட நிலத்துச் செடி. ஒரு தூறலை நம்பி எல்லா விதையும் ஒரே நேரத்தில் முளைத்து, அடுத்து வரும் வெயிலில் கருகிப் போகாதபடி, தண்ணீர் எளிதில் புகாத கெட்டித் தோல் அதற்கு அமைந்திருக்கிறது. அந்தத் தோலை இளக்குவதுதான் நம் வேலை. தண்ணீரைக் கொதிக்கவைத்து, இறக்கிச் சில நிமிடம் ஆறியபின் விதையின் மேல் ஊற்றி, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். விதையை அடுப்பில் வேகவிடக் கூடாது. காலையில் பருத்திருக்கும் விதைகளை அன்றே 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றிவிடலாம். பருக்காதவற்றை உப்புத்தாளில், முளை வரும் கூர்முனையை விட்டு, பக்கவாட்டில் மட்டும் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவைத்தால் அவற்றிலும் பல பருத்துவிடும்.

கேள்வி (ராஜாக்கமங்கலம்): விதை எடுக்கும் பக்குவம் எது?

பதில்: தட்டையான காய் நன்றாகக் காய்ந்து பழுப்பாகி, விரலால் அழுத்தினால் நொறுங்க வேண்டும். சிறு துளை விழுந்த விதை வண்டு குடைந்தது; அதை ஒதுக்குங்கள். ஒரே செடியை மொட்டையாக்காமல் பல செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அவை நிற்கும் பொட்டலில் அடுத்த தலைமுறையும் எழ வேண்டும்.

கேள்வி (தோவாளை): பையில் வளர்த்து நடலாமா?

பதில்: நடலாம். ஆனால் ஆணிவேர் வேகமாக இறங்கும் என்பதால் உயரமான பை வேண்டும். வேர் அடியில் சுருளுமுன் நட்டுவிட வேண்டும். நேரடியாக ஊன்றுவதே என் விருப்பம். ஆனி, ஆடியில் உங்கள் பக்கத்துக் கணவாய்க் காற்று மேல்மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். புரட்டாசிக் கடைசியில் ஊன்றினால் ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே வேர் பிடித்துவிடும்.

கேள்வி (மார்த்தாண்டம்): ரப்பர் மரங்களுக்கு இடையே வருமா? கடையில் வாங்கும் கன்று ஆவாரைதானா என்று எப்படி அறிவது?

பதில்: ரப்பர் நிழலில் வேண்டாம். நாள் முழுவதும் வெயிலும், தண்ணீர் தேங்காத மேட்டுமண்ணும் இருந்தால் வையுங்கள். கன்றில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். காதுமடல் போன்ற அகன்ற சிற்றிலை அங்கே ஒட்டியிருந்தால் அது ஆவாரைதான்.

கேள்வி (கொட்டாரம்): பச்சைப் புழுக்கள் இலையைத் தின்கின்றன. என்ன மருந்து அடிப்பது?

பதில்: மருந்தே வேண்டாம். அவை பெரும்பாலும் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். வேரூன்றிய செடி மறுபடி தழைத்துவிடும். இளங்கன்றில் மட்டும் புழுக்களைக் கையால் எடுத்துப் பெரிய செடியில் விட்டுவிடுங்கள்.