ஏணியில் ஏறும் முன்: கேள்வி பதில்

இருபது வருடத்துக்கும் மேலாக ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். உயரத்திலிருந்து விழும் விபத்துகள் பற்றிக் கேளுங்கள்.

பெயின்டர், சேலம்: ஏணியை எவ்வளவு சாய்க்க வேண்டும்?

நாலுக்கு ஒன்று. ஏணி சுவரைத் தொடும் இடம் 12 அடி உயரம் என்றால் அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். மாடிக்கு ஏறுவதென்றால் ஏணியின் தலை விளிம்புக்கு மேல் 3 அடி நீட்டிக்கொண்டு நிற்கட்டும், தலையைக் கயிற்றால் கட்டுங்கள். அப்புறம் கால் ரப்பரைக் குனிந்து பாருங்கள். டியூப்லைட் மாற்ற ஏறிய ஒருவர் 7 அடியிலிருந்து விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். டைல்ஸ் தரை, அப்போதுதான் துடைத்த ஈரம், ஒரு காலில் ரப்பர் தேய்ந்து அலுமினியம் வெளியே பளபளத்தது. மேசை விளிம்பில் பின்மண்டை பட்டு நான்காம் நாள் இறந்துவிட்டார். கொஞ்ச உயரம்தானே என்று யாரும் சொல்லாதீர்கள்.

பனியன் கம்பெனி, திருப்பூர்: ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகுகிறது, ஆள் ஏற்றலாமா?

நேராக ஷீட் மேல் கால் வைக்க விடாதீர்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்த ஷீட் ஓர் ஆளின் எடையில் சத்தமில்லாமல் உடையும். போல்ட் வரிசை மேல் நடந்தால் போதும் என்பார்கள், ஒரு கால் சறுக்கினால் அதுவும் போச்சு. கீழே தாங்கும் இரும்புச் சட்டங்களின் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல் மட்டும் நடக்க வேண்டும், அடியில் வலை கட்ட வேண்டும். அதைவிட நல்லது, உள்ளே சாரம் கட்டிக் கீழிருந்தே ஷீட்டை மாற்றுவது.

மேஸ்திரி, மதுரை: முப்பது வருடமாக பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் சாரத்தில் நிற்கிறேன். பெல்ட் மாட்டினால்தான் கால் தடுக்குகிறது.

அண்ணே, உங்கள் கால் பழக்கத்தை மதிக்கிறேன். ஆனால் சவுக்குக் கம்பில் கட்டிய கயிறு இற்றுப்போனால் உங்கள் அனுபவத்தால் என்ன செய்ய முடியும்?

அதே மேஸ்திரி: பெல்ட்டைச் சாரத்திலேயே மாட்டச் சொல்கிறார்கள். சாரம் சரிந்தால்?

இது சரியான கேள்வி. சாரத்தில் மாட்டாதீர்கள். தூண், பீம் போல அசையாத ஒன்றில், தலைக்கு மேல் மாட்டுங்கள். வெறும் இடுப்பு பெல்ட்டும் வேண்டாம், விழும்போது வயிற்றையும் முதுகெலும்பையும் நொறுக்கிவிடும். தோளும் தொடையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும்.

எலக்ட்ரீஷியன், கோவை: மேஸ்திரி சொல்வதே சரி. கொக்கி மாட்ட இடமே தராமல் பெல்ட் மட்டும் கொடுக்கிறார்கள்.

ஆமாம், அந்தக் குற்றம் உங்களுடையதல்ல, வேலை தருபவருடையது. இடம் காட்டும் வரை ஏற மாட்டேன் என்று சொல்லுங்கள். நீங்கள் அலுமினிய ஏணியை மின்கம்பி பக்கம் கொண்டுபோகவும் வேண்டாம்.

தங்கை, விழுப்புரம்: அண்ணன் 2023இல் கட்டடத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் உணர்வில்லை. வயது 40, சம்பளம் 18,000. வழக்கு நடக்கிறது. எவ்வளவு வரும்?

விபத்து 2023இல் நடந்ததால், அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படிதான் கணக்கு. அதில் 15,000 வரைதான் மாதச் சம்பளமாக எடுப்பார்கள். நிரந்தர முழு ஊனம் என்றால் அதில் 60 சதவீதம், 9,000. வயதுக்கு ஏற்ப ஒரு பெருக்கும் எண்ணைச் சட்டமே தருகிறது, 40 வயதுக்கு அது 184.17. பெருக்கினால் 16,57,530 ரூபாய். உள் ஒப்பந்தக்காரர் கையை விரித்தாலும் கட்டுமான நிறுவனம் பொறுப்பு. பணத்தைவிட அவசரம் ஒன்று, அம்மா: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வையுங்கள், படுக்கைப் புண் உயிரையே எடுக்கும். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கு மறுவாழ்வு தரும் அமர் சேவா சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். அதை 1981இல் தொடங்கிய ராமகிருஷ்ணனே கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்.

மூன்று பேர்: எங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?

2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதற்கு முந்தைய விபத்து என்றால் மேலே கணக்கு இருக்கிறது, படியுங்கள். இறப்பு என்றால் 60க்குப் பதில் 50 சதவீதம். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருந்தால் இந்த வழி கிடையாது, அங்கேதான் கேட்க வேண்டும்.

கடலூர்: நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் சேருமா?

சேராது. முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் அந்த அரசுத் திட்டம் சாலை விபத்துக்கு மட்டும்.

சித்தாள், ஆவடி: விழுந்தவரை ஆட்டோவில் தூக்கிப் போகலாமா?

கூடாது. மேலே எதுவும் விழும் ஆபத்து இல்லையென்றால் அவரை அசைக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் ஊட்டாதீர்கள். 108க்கு ஒருவர் பேசட்டும், நீங்கள் தலைமாட்டில் மண்டியிட்டு அவர் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, வண்டி வரும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.