கடித்தால் சுருக்கென்று வலிக்கிறதா?

கேள்வி: என் மகளுக்கு வயது 17. எத்துப்பல்லுக்காக க்ளிப் போட்டிருக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன் பல்லைப் பின்னுக்கு இழுக்கப் பிடிமானமாக, மேல்தாடை எலும்பில் இரண்டு பக்கமும் சின்ன ஸ்க்ரூ வைத்தார்கள். வலது பக்கத்து ஸ்க்ரூ லேசாக ஆடுகிறது. பக்கத்துக் கடைவாய்ப்பல்லில் கடித்தால் சுருக்கென்கிறது. எலும்பு பலவீனமானவர்களுக்கு ஸ்க்ரூ நிற்காது, டைட்டானியம் அலர்ஜி வரும் என்றெல்லாம் இணையத்தில் படித்தேன். கால்சியம் மாத்திரையும், மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாட்டிக்கும் கொடுக்கிறேன். அவள் எலும்பில் ஏதாவது குறை இருக்குமோ?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: குறை இருப்பதாக நினைக்க உங்கள் கடிதத்தில் எதுவுமே இல்லை. இந்த ஸ்க்ரூக்களைப் பத்து பேருக்கு வைத்தால் ஒருவருக்காவது தளர்ந்துவிடும். கைதேர்ந்த மருத்துவர் வைத்தாலும் அப்படித்தான். எலும்பு இன்னும் முற்றாத வயதில் கொஞ்சம் கூடுதலாகவே தளரும். கால்சியம் மாத்திரை அதை இறுக்கிவிடாது. டைட்டானியம் அலர்ஜி மிக மிக அரிது, அதை மறந்துவிடுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குக் கவலை தருகிறது: கடித்தால் சுருக்கென்கிறது.

இந்த ஸ்க்ரூ சுமார் 1.5 மில்லிமீட்டர் தடிமன்தான். அதை வைக்கும் இடத்தில் இரண்டு பற்களின் வேர்களுக்கு நடுவே பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கும். கொஞ்சம் சாய்ந்தாலும் வேரை உரசிவிடும். பல்லோ மெல்லிய நார்களால் எலும்போடு கட்டப்பட்டிருப்பது. ஒவ்வொரு முறை மெல்லும்போதும் இம்மியளவு அசையும். வேரில் ஸ்க்ரூ முட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு கடியும் அதையும் சேர்த்து இடிக்கும். நாளடைவில் ஸ்க்ரூ ஆட ஆரம்பிக்கும். அதாவது, ஆட்டத்துக்கும் வலிக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம்.

க்ளிப்பை இறுக்கியதால் வரும் வலியாக இருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அந்த வலி நாலைந்து பற்களில் பரவலாகத் தெரியும், சில நாளில் அடங்கிவிடும். ஸ்க்ரூ ஆடும் பக்கத்தில், அதை ஒட்டிய ஒரே பல் மட்டும் வலித்தால் எக்ஸ்-ரே எடுத்தே ஆக வேண்டும். அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். இரண்டொரு நாளில் க்ளிப் போட்ட டாக்டரிடமே கூட்டிப்போய், ஆடுவதையும் வலிப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு படத்தில் தெளிவாகத் தெரியாவிட்டால் கோணம் மாற்றி இன்னொன்று எடுப்பார்.

முட்டுவது உறுதியானால் ஸ்க்ரூவைக் கழற்றிவிடுவார்கள். சில நிமிட வேலை, பெரிதாக வலிக்காது. வேரின் மேற்பரப்பில் விழுந்த சிராய்ப்பு, ஸ்க்ரூ வெளியே வந்துவிட்டால் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஆறாது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். பிறகு சற்றுத் தள்ளி வேறொன்று வைத்துக்கொள்ளலாம், சிகிச்சை வீணாகாது.

ஆன்டிபயாட்டிக் கொடுக்கச் சொன்னது யார்? வேரில் முட்டும் ஸ்க்ரூவை எந்த மாத்திரையும் நகர்த்தாது. ஈறு வீங்கியதாகவோ சீழ் வந்ததாகவோ நீங்கள் எழுதவே இல்லையே! நிறுத்துங்கள். எந்த மாத்திரை, எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

டாக்டரைப் பார்க்கும் வரை வலது பக்கம் மெல்ல வேண்டாம். ஆடுகிறதா என்று விரலாலும் நாக்காலும் தள்ளிப் பார்ப்பதை மகள் நிறுத்த வேண்டும். நீங்களும்தான். ஸ்க்ரூவில் மாட்டியிருக்கும் ரப்பரையோ ஸ்பிரிங்கையோ வீட்டில் கழற்றாதீர்கள்.

சரி, இடது பக்கம்? அது நன்றாக நிற்கிறது. அங்கே சாப்பாடு தங்கி ஈறு சிவந்தால் அதுவும் தளரும். எனவே மெல்லிய பிரஷ்ஷால் ஸ்க்ரூவின் தலையைச் சுற்றிக் காலையும் இரவும் மென்மையாகத் தேய்க்கச் சொல்லுங்கள்.