தோட்டத்தில் மாலைக் கச்சேரி வைக்கலாமா?

கோடை விடுமுறை நெருங்குகிறது. பூங்காக்களிலும் தோட்டங்களிலும் மாலை நேரக் கலை நிகழ்ச்சிகள் நடத்துவது குறித்து வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஜூலை மாதத்தில் கியூ தாவரவியல் பூங்காவின் புல்தரையில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்து பாட்டுக் கேட்டோம். ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. நம் மதுரையில் ஏன் இப்படி ஒன்றும் நடப்பதில்லை? — வாசகி, எல்லீஸ் நகர்

பதில்: நம் ஊருக்கு இது புதிது அன்று. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய புதுமண்டபத்தைத் தையற்கடைகளும் புத்தகக் கடைகளும் நெருக்கியடித்த இடமாகத்தான் நம்மில் பலர் பார்த்து வளர்ந்தோம். ஆனால் அது கட்டப்பட்டது வசந்த மண்டபமாக. வைகாசி மாத வசந்த உற்சவத்தில் சுவாமியும் அம்மனும் வந்து வீற்றிருப்பதற்காக எழுப்பிய அந்த மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்க ஒரு கால்வாயும் வெட்டியிருந்தார்கள். அனல் காற்று அந்தத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு உள்ளே வரட்டும் என்பதுதான் கணக்கு. அழகர்கோயிலிலும் வசந்த மண்டபம் உண்டு. அதன் விதானத்தில் ராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. வெயில் தாழ்ந்த பிறகு தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து கண்ணுக்கும் காதுக்கும் விருந்து வைப்பதை நம்மவர்கள் அறிந்தே வைத்திருந்தார்கள்.

லண்டனை அப்படியே இங்கே கொண்டுவர முடியாததற்குச் சூரியனே காரணம். அங்கே ஜூலைத் தொடக்கத்தில் பொழுது சாய 9.20 ஆகிறது, அதற்குப் பிறகும் வெளிச்சம் மெல்ல மெல்லத்தான் வடியும். மதுரையில் மே மாதத்தில் ஏறக்குறைய 6.30 மணிக்குச் சூரியன் மறைந்தால், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் அந்தியும் முடிந்துவிடும். ஐந்தரை மணிக்கு நிகழ்ச்சியைத் தொடங்கினால் வெயிலில் வாட வேண்டும், ஏழு மணிக்கு மேல் என்றால் இருட்டு. ஆகவே நமக்கு நெருங்கிய உதாரணம் சிங்கப்பூர்தான். 1859இல் தொடங்கி, 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்தத் தாவரவியல் பூங்காவில், ஏரிக்கு நடுவே ஒரு மேடை இருக்கிறது. ரசிகர்கள் எதிரே சரிந்து இறங்கும் புல்தரையில் உட்கார்ந்து இலவசமாகக் கேட்கிறார்கள். அங்கேயும் அந்தி சட்டென்று முடிந்துவிடும்.

இருட்டை ஒரு குறையாக நினைக்காமல், இருட்டையே கேட்கும் கலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. தோல்பாவைக் கூத்தைக் காட்டிலும் பொருத்தமான ஒன்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வெள்ளைத் திரை, அதற்குப் பின்னால் ஒரு விளக்கு, ஆட்டுத் தோலில் வெட்டிச் சாயம் ஏற்றிய பாவைகள் ஆகியவை போதும். சுற்றிலும் எவ்வளவு இருட்டோ அவ்வளவு நல்லது. மதுரைப் பக்கத்தில் பரம்பரையாக இதை ஆடிவந்த குடும்பங்கள் இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இசை என்றால் நாகஸ்வரம். வீதியில் வாசிப்பதற்கென்றே வளர்ந்த வாத்தியமாதலால் மரங்களுக்கு நடுவே மைக் இல்லாமலே நிற்கும். வீணை வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தோட்டத்தில் வீணைக் கச்சேரி கேட்கப் போனேன். வேலிக்கு அப்பால் ஜெனரேட்டர், வேலிக்கு இப்பால் சுண்டல் பொட்டலம் பிரிக்கும் சத்தம், இவற்றுக்கு நடுவே அந்த அம்மையாரின் விரல் அசைவதைப் பார்த்துத்தான் சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் போகிறது என்று ஊகிக்க வேண்டியிருந்தது.

கேள்வி: நான் ஓவிய ஆசிரியர். மாணவர்களை மாலை நேரத்தில் பூங்காவுக்கு அழைத்துச் சென்று செடிகொடிகளை வரையச் சொல்கிறேன். அங்கே நன்றாக இருந்த படம் மறுநாள் காலையில் பார்த்தால் நிறம் கெட்டுத் தெரிகிறது. காகிதத்தின் குற்றமா, சாயத்தின் குற்றமா? — வாசகர், திருமங்கலம்

பதில்: இரண்டும் இல்லை, நம் கண்ணின் இயல்பு அது. ஒரு செம்பருத்திச் செடிக்கு முன்னால் ஆறு மணிக்கு உட்கார்ந்து ஏழு மணி வரைக்கும் கண்ணை எடுக்காமல் பாருங்கள். ஆறு மணிக்குப் பூ எரிகிற சிவப்பாகவும் இலை அதற்குப் பின்னால் ஒதுங்கிய பச்சையாகவும் இருக்கும். பொழுது சாய்ந்து பத்து நிமிடத்தில் பூ கறுக்கத் தொடங்கும். இலையோ வெளுத்து முன்னால் வரும். இன்னும் சற்று நேரத்தில் பூ இருக்கும் இடம் இலைகளுக்கு நடுவே ஒரு கரிய ஓட்டை போலத் தெரியும். வெளிச்சம் குறையும்போது கண் வேறு வகைச் செல்களைக் கொண்டு பார்க்கத் தொடங்குகிறது. அந்தச் செல்களுக்குச் சிவப்பு அறவே தெரியாது, நீலமும் பச்சையும் எடுப்பாகத் தெரியும். உங்கள் மாணவர்கள் சிவப்பு போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் பூசியிருப்பார்கள். காலையில் அது அடிக்கத்தானே செய்யும்?

ஆகவே நிறத்தை வெயில் இருக்கும்போதே, சிறு சிறு பொட்டுகளாகத் தாளின் ஓரத்தில் தீட்டிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தியில் கரித்துண்டை மட்டும் கையில் கொடுங்கள். மரத்தின் உருவமும் கிளைகளுக்கு இடையே வானம் துண்டு துண்டாகத் தெரிவதும் அந்த நேரத்தில்தான் பிடிபடும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுவில் யாராவது ஒருவர் கைபேசியைத் திறந்தால் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

நீர்வண்ணத்தைப் பற்றி இன்னொன்று. சித்திரை மாதத்து மதுரைக் காற்றில் தூரிகையை எடுப்பதற்குள் தாள் காய்ந்துவிடும்; தாளின் பின்பக்கத்தையும் நனைத்துப் பலகையில் ஒட்டிக்கொண்டால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதே மாணவர்களை மே மாத மலர்க் கண்காட்சிக்குக் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவுக்கு அழைத்துப் போனால் கதை தலைகீழ்: மாலையில் மூடுபனி இறங்கியதும் பூசிய வண்ணம் காயவே காயாது.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பூங்காவில் மே மாதத்தில் மூன்று நாள் கலைவிழா நடத்தப் போகிறோம். மரங்களில் சீரியல் விளக்கு கட்டுவது செடிகளுக்குக் கெடுதலா? — வாசகர், அனுப்பானடி

பதில்: மூன்று நாளில் மரத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆணி அடிக்காதீர்கள், கம்பியை இறுக்கிச் சுற்றாதீர்கள், விழா முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். அவிழ்க்க மறந்து ஆண்டுக்கணக்கில் கிடக்கும் கம்பிதான் பட்டைக்குள் புதைந்து மரத்தை நெரிக்கிறது. மாதக்கணக்கில் இரவெல்லாம் விளக்கு எரிந்தால் அது வேறு. செவ்வந்தி பயிரிடுபவர்கள் பூக்கும் நாளைத் தள்ளிப்போட இரவில் பல்பு எரியவிடுவது உண்டு. செடிக்கு இரவின் நீளம் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. வெள்ளை விளக்கைவிட மஞ்சள் விளக்குக்குப் பூச்சிகள் குறைவாக வரும். அதையும் மேலே தொங்கவிடாமல் நடைபாதையின் ஓரத்தில் தாழ வையுங்கள். ஏனென்றால் இருட்டில் பூச்சி பொட்டு ஏதாவது கிடந்தால் காலடிதான் தெரிய வேண்டும்.

விளக்கைவிட நாற்காலிகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஈரமான புல்தரையில் இருநூறு பேர் நடமாடினால் மண் இறுகி, வேருக்குக் காற்று போகாமல் அடுத்த மாதம் அங்கங்கே புல் பழுத்துவிடும். முதல் நாள் காலையில் தண்ணீர் விட்டதோடு நிறுத்திக்கொண்டு, விழா முடிந்த மறுநாள் மீண்டும் விடுங்கள். கோடை இடி இடித்தால் கச்சேரியை அப்படியே விட்டுவிட்டு எல்லோரையும் கட்டடத்துக்குள் போகச் சொல்லுங்கள். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது.

கேள்வி: ஒலிபெருக்கி எத்தனை மணி வரைக்கும் வைக்கலாம்? — வாசகர், ஒத்தக்கடை

பதில்: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கவே கூடாது, திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை. குடியிருப்புப் பகுதியில் பகல் நேரத்துக்கு 55 டெசிபல், இரவுக்கு 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் ஊர்த் திருவிழாக் குழாய்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு 55 என்பது கிசுகிசுப்பாகப் படும்.

கேள்வி: அரிட்டாபட்டி மலையடிவாரத்தில் பௌர்ணமி இரவில் இசை நிகழ்ச்சி நடத்தினால் என்ன? — வாசகர், மேலூர்

பதில்: வேண்டாம். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அந்தப் பாறைகளில் வல்லூறு இனப் பறவைகள் வாழ்கின்றன. குடைவரைக் கோயிலும், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டும் சமணர் படுகையும் அங்கே இருக்கின்றன. பகலில் போய் அமைதியாகப் பார்த்துவிட்டு வாருங்கள். பௌர்ணமிக்கு உங்கள் வீட்டு மொட்டை மாடி இருக்கிறது.

கேள்வி: எங்கள் கல்லூரி வளாகத்தில் மாலை நிகழ்ச்சிகளுக்கென்று ஒரு சிறு தோட்டம் அமைக்கிறோம். என்னென்ன வைக்கலாம்? — வாசகி, பசுமலை

பதில்: நிழலுக்கும் கோடை மஞ்சளுக்கும் சரக்கொன்றை ஒன்று வையுங்கள். கடம்பவனம் என்று பெயர் பெற்ற ஊரில் ஒரு கடம்பு இல்லாமல் எப்படி? இரவு மணத்துக்கு மரமல்லியும் பவழமல்லியும் நல்லவை. ஆனால் அவை கோடையை நம்பிப் பூப்பவை அல்ல. உட்காரும் இடத்துக்கு அருகே அந்திமந்தாரையை வரிசையாக வைத்தால், நான்கு மணிக்கு மேல் அது விரியத் தொடங்குவதைப் பார்த்தே நாற்காலிகளைப் போட ஆரம்பிக்கலாம்.

மல்லிகையைச் சொல்லாமல் விட்டேன் என்று நினைக்க வேண்டாம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை நாம் பெரும்பாலும் மொட்டாகத்தான் பார்க்கிறோம். விரிந்த பூ சந்தைக்கு ஆகாது என்பதால் விவசாயிகள் விடிவதற்கு முன்பே பறித்துவிடுகிறார்கள். நீங்கள் பத்துச் செடி வைத்து, நிகழ்ச்சி நாளன்று மட்டும் யாரும் மொட்டைப் பறிக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். பொழுது சாயும்போது மொட்டு நுனியில் லேசாக விரிசல் விடும். கூத்துக்காரர்கள் திரைக்குப் பின்னால் விளக்கை ஏற்றும் நேரத்துக்குச் செடியே வெள்ளையாக இருக்கும்.