கனடாவிலிருந்து வந்த 249 கிராம் ட்ரோனைக் கொழும்பில் பதிய வேண்டுமா?

வேண்டும். "250 கிராமுக்குக் குறைவு, அதனால் பதிவு தேவையில்லை" என்று உங்கள் அண்ணா சொன்னது கனடாவுக்குச் சரி. அங்கே எல்லை 250 கிராம். பெட்டியில் 249 என்று பெரிதாக அச்சடிப்பதே அதற்காகத்தான். இலங்கையில் கோடு 200 கிராமில் விழுகிறது. அதற்கு மேலே போனால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதிய வேண்டும்.

பதிவு என்பது காருக்கு நம்பர் பிளேட் மாதிரி. வெள்ளவத்தையில் யாரோ ஒருவருடைய மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியில் ட்ரோன் மோதி விழுந்தால், ரிமோட்டோடு நின்றவர் ஒழுங்கைக்குள் மறைந்துவிடலாம். இலக்கம் மறையாது. பொறுப்பு உரிமையாளரைத் தேடி வரும். பொழுதுபோக்குக்காரரை எதற்கு இப்படித் துரத்துகிறார்கள் என்று சிலர் கோபப்படுவார்கள்; கூரைக்காரரின் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் பலர் சறுக்குவது வேறிடத்தில். பதிந்துவிட்டால் எங்கும் பறக்கவிடலாம் என்பதில்லை. 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு ட்ரோன்களை மொத்தமாகவே நிறுத்தி வைத்தார்கள். பாதுகாப்புத் தரப்பின் கவனம் இன்றும் குறையவில்லை. காலிமுகத்திடலில் பட்டத்தோடு பட்டமாக ஏற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள், பக்கத்திலேயே ஜனாதிபதி செயலகம். தெற்கே போனால் இரத்மலானை விமான நிலையம். பறக்கும் அனுமதியைத் தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், பிறகு அதை விற்றால் உரிமை மாற்றத்தையும் அறிவித்துவிடுங்கள்.