பழைய டிராவல் டிரெய்லரின் கேஸ் லைனை மாற்றத்தான் வேண்டுமா? நானே மாற்றலாமா?

கேள்வி: அமெரிக்காவில் 1970-களில் செய்த டிராவல் டிரெய்லர் (காரில் கட்டி இழுத்துப் போய்த் தங்குகிற வீட்டு வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறேன். கேஸ் அடுப்பு, ஹீட்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் வேலை செய்கிறது என்று விற்றவர் சொல்கிறார். புரொப்பேன் கேஸ் லைனை மாற்றத்தான் வேண்டுமா? நானே செய்யலாமா?

மாற்றுங்கள். சிலிண்டர் வாயில் தொடங்கி அடுப்புக்குப் பின்னால் இருக்கிற கடைசி நட்டு வரைக்கும் மாற்றுங்கள். குழாய் வேலையை நீங்களே செய்யலாம், ஆனால் கடைசிச் சோதனையை மட்டும் டிரெய்லர் கேஸ் வேலைக்குச் சான்றிதழ் வாங்கிய ஒருவரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்கள். நான் மிஷிகனில் இருக்கிறேன். 1967-இல் செய்த 17 அடி டிரெய்லரை வாங்கி ஒரு கோடை முழுக்க இந்த வேலையைத்தான் பார்த்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எனக்கு விற்ற பெரியவரும் இதையேதான் சொன்னார், போன கோடையில்கூட சமைத்தோம் என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. அடுப்பு எரிந்தது, நீல ஜுவாலையாகவே எரிந்தது, ஃபிரிட்ஜும் குளிர்ந்தது. எரிவது வேறு, கசியாமல் இருப்பது வேறு என்று எனக்கு உறைக்கவில்லை. ஜூன் மாதம் லூடிங்டனில் ஏரிக்கரை ஓரமாக முகாம் போட்டோம். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். அம்மாவுக்குக் கட்டில் மெத்தை ஒத்துக்கொள்ளாது, எங்கே போனாலும் பாய் விரித்துத் தரையில்தான் படுப்பார், டிரெய்லரிலும் அப்படித்தான் படுத்தார். விடியற்காலையில் எழுந்து, "என்னடா இது, முட்டைக்கோஸ் அழுகின மாதிரி வாடை அடிக்குது" என்றார். மேலே படுத்திருந்த எனக்கோ மனைவிக்கோ குழந்தைகளுக்கோ ஒரு வாடையும் தெரியவில்லை. குனிந்து தரைக்கு மூக்கைக் கொண்டுபோனேன், தெரிந்தது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒரு சுவிட்சைக்கூடத் தொடாமல், வெளியே போய் இரண்டு சிலிண்டரையும் மூடினேன். அன்றைக்குப் பயணம் முடிந்தது.

புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் படர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே சேர்ந்தாலே தீப்பற்றும். அதில் இயல்பாக வாடை கிடையாது, அந்த அழுகல் வாடை கசிவு தெரிய வேண்டும் என்று சேர்க்கிற மெர்காப்டனால் வருவது. மூக்கும் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும், தூங்குகிறவரை எழுப்பாது. எனவே வாடை வரவில்லை, கசிவும் இல்லை என்று தயவு செய்து முடிவு கட்டாதீர்கள். அன்றைக்கு எங்களில் கசிவுக்குப் பக்கத்தில் தலை வைத்துப் படுத்தது அம்மா ஒருவர்தான், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஃபிரிட்ஜ் பின்னால் இருந்த ஃபிளேர் நட்டில் (புனல் மாதிரி விரித்த குழாய் முனையை இறுக்கிப் பிடிக்கிற நட்டு) மயிரிழை போல ஒரு விரிசல். காப்பர் குழாய் தரையைத் துளைத்து இறங்குகிற இடத்தில் ரப்பர் வளையம் இல்லை, ஐம்பது வருஷத்துக்கு மேலாக இரும்பு விளிம்பில் உரசி உரசி ஒரு பக்கம் தகடு போலத் தேய்ந்திருந்தது. ஹீட்டர் பெட்டிக்குள் யாரோ காருக்குப் போடுகிற பெட்ரோல் ஹோஸை நுழைத்து கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார்கள். அந்தக் கால டிரெய்லர்களில் மேண்டில் போட்டு எரிக்கிற கேஸ் விளக்கு இருக்கும், நம் பெட்ரோமாக்ஸ் மாதிரி. என் டிரெய்லரில் அந்த விளக்கைக் கழற்றிவிட்டு, குழாய் முனையை நசுக்கி ஈயம் வைத்து அடைத்து, மேலே பலகை அடித்து மறைத்திருந்தார்கள். பலகையைப் பெயர்க்காமல் இருந்திருந்தால் அது இருப்பதே தெரிந்திருக்காது. ஓர் இடத்தில் ஒட்டுப்போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்த நாலு இடங்கள்தான் காரணம். வாடை வந்தது முதல் இடத்திலிருந்து மட்டும். மற்ற மூன்றும் எப்போது வேண்டுமானாலும் கசியத் தொடங்கலாம் என்ற நிலையில் இருந்தன.

இப்போது வேலைக்கு வருகிறேன். முதலில் சிலிண்டர்களைக் கழற்றி வீட்டை விட்டுத் தள்ளி வெட்டவெளியில் நிமிர்த்தி வையுங்கள், 12 வோல்ட் பேட்டரி வயரைப் பிரியுங்கள், ஜன்னல் கதவு எல்லாம் திறந்திருக்கட்டும். கீழே படுத்து வேலை செய்யும்போது வண்டி ஜாக்கி மேல் மட்டும் நிற்கக் கூடாது, வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள்.

சிலிண்டரோடு தொடங்கலாம். இந்த ஊரில் ஏறக்குறைய சுத்தமான புரொப்பேன்தான் விற்கிறார்கள். நம் ஊர் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கும், இங்கே பனிக்காலத்தில் அது சரிப்படாது, ஏனென்றால் பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும், புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். டிரெய்லரோடு வந்த பழைய சிலிண்டரில் வால்வைத் திருகுகிற கைப்பிடி வட்டமாக இருந்தால் அந்தச் சிலிண்டரைப் பயன்படுத்தாதீர்கள். அளவுக்கு மேல் நிரம்பாமல் தடுக்கிற வால்வு உள்ள சிலிண்டருக்குக் கைப்பிடி முக்கோணமாக இருக்கும். 2002 ஏப்ரலுக்குப் பிறகு அந்த வால்வு இல்லாத சின்ன சிலிண்டர்களை நிரப்பக் கூடாது என்பது விதி. அழகாக இருக்கிறதே, அந்தக் காலத்துத் தோற்றம் போய்விடுமே என்று எனக்கும் தோன்றியது. அந்த அழகுக்காக அவற்றைக் கேஸ் இல்லாமல் கொட்டகையில் வைத்திருக்கிறேன்.

அடுத்தது சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகிற குட்டி ஹோஸும் ரெகுலேட்டரும். இவற்றைச் சோதிக்கவே வேண்டாம், புதிதாக வாங்குங்கள். 20 டிகிரி வெயிலில் சிலிண்டருக்குள் 100 பிஎஸ்ஐக்கு (டயர் காற்றை அளக்கிற அதே அலகு) மேல் அழுத்தம் இருக்கிறது, அதை 11 அங்குல உயரத் தண்ணீர் தருகிற அழுத்த அளவுக்கு, அதாவது அரை பிஎஸ்ஐக்கும் குறைவாக, இறக்கித் தருகிற பொறுப்பு அந்த ஒரு ரெகுலேட்டரிடம் இருக்கிறது. (நம் ஊர் வீட்டு ரெகுலேட்டர் விடுகிற அழுத்தமும் கிட்டத்தட்ட இதேதான், ஏறத்தாழ 30 செ.மீ. தண்ணீர்.) அழுத்தத்தை இரண்டு படியாக இறக்குகிற இரண்டு நிலை ரெகுலேட்டராக வாங்குங்கள். ஒரு சிலிண்டர் தீர்ந்தால் மற்றதற்குத் தானாக மாறுகிற வகையில் பச்சை, சிவப்பு அடையாளம் இருக்கும். அதன் மூச்சுத் துளை கீழே பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கிவிடும்.

சட்டத்துக்கு அடியில் ஓடுகிற முதன்மைக் குழாய் அரை அங்குலக் கறுப்பு இரும்புக் குழாய். என்னுடையதில் ஆக்சிலுக்கு மேலே துரு பொரிந்து குழி விழுந்திருந்தது, அதனால் முழுசாக மாற்றினேன். உங்களுடையது வெறும் மேல்துருவாக இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள், குழி இருந்தால் மாற்றிவிடுங்கள். மரை போடுகிற இடங்களில் கேஸுக்கென்று விற்கிற மஞ்சள் டேப் அல்லது பேஸ்ட் மட்டும் போடுங்கள், அதையும் முதல் இரண்டு மரையை விட்டுப் போடுங்கள், பிசிறு உள்ளே போய் அடைத்துக்கொள்ளக் கூடாது.

முதன்மைக் குழாயிலிருந்து அடுப்பு, ஹீட்டர், ஃபிரிட்ஜ் என ஒவ்வொரு கருவிக்கும் 3/8 அங்குல காப்பர் குழாய் பிரிந்து போகும். கடையில் இங்கே எல்லோரும் ஒரு தடவை ஏமாறுவார்கள். ஏசி வேலைக்கு விற்கிற சுருளில் வெளி விட்டத்தை எழுதியிருப்பார்கள், தண்ணீர்க் குழாய்ச் சுருளில் வேறு கணக்கு, அதில் 1/4 என்று எழுதியிருந்தால்தான் வெளி விட்டம் 3/8 வரும். அட்டையை நம்பாமல் ஃபிட்டிங்கைக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள்.

இணைப்பெல்லாம் ஃபிளேர் இணைப்புதான். ஸ்பிளிட் ஏசி மாட்ட வருகிறவர் காப்பர் முனையைப் புனல் மாதிரி விரித்து நட்டுப் போட்டு இறுக்குவாரே, அதேதான், கோணமும் அதே 45 டிகிரி. தண்ணீர் லைனுக்குப் போடுவது போல வளையம் வைத்து இறுக்குகிற ஃபிட்டிங் இதில் கூடவே கூடாது, வண்டி ஓடுகிற அதிர்வில் நெகிழ்ந்துவிடும். ரம்பத்தால் அறுக்காமல் டியூப் கட்டரால் வெட்டுங்கள், உள் விளிம்புப் பிசிறை வழித்தெடுங்கள், நட்டை முதலில் குழாயில் கோத்துவிட்டு அப்புறம் விரியுங்கள், கூம்பு முனையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். விரித்த முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். விளிம்பு சீராக, வழவழப்பாக, வெடிப்பில்லாமல் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்யுங்கள். நான் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வெட்டி எறிந்தேன், அந்தக் காப்பருக்கு ஆன செலவை நான் செலவாகவே நினைக்கவில்லை. ஃபிளேரில் டேப் சுற்றாதீர்கள், அங்கே உலோகத்தோடு உலோகம் படிந்துதான் அடைபடுகிறது, டேப் அந்தப் படிமானத்தைக் கெடுக்கும். இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருக. இல்லாவிட்டால் குழாய் முறுகும். காப்பரை ஒரே இடத்தில் வளைத்து நிமிர்த்தி வளைத்தால் கெட்டிப்பட்டு வெடிக்கும், அதனால் ஒரே வளைப்பில் முடியுங்கள். தரையைத் துளைக்கிற இடம் ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம், வழி நெடுக ரப்பர் வைத்த கிளிப். நான் மூன்றடிக்கு ஒரு கிளிப் போட்டேன்.

சோதனையை மூன்று தடவை செய்யுங்கள். முதல் தடவை கருவிகளையும் ரெகுலேட்டரையும் பிரித்து முனைகளை மூடிவிட்டு, லைனில் காற்றை 3 பிஎஸ்ஐ ஏற்றிப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். 100 பிஎஸ்ஐ காட்டுகிற கேஜில் இது தெரியாது, 5 அல்லது 15 வரை காட்டுகிறதை வாங்குங்கள், நிழலில் வைத்துச் செய்யுங்கள், வெயில் பட்டால் முள் தானாக நகரும். கருவிகளைக் கோத்துவிட்டு இந்த அழுத்தம் ஏற்றவே கூடாது, பழைய கேஸ் வால்வுகள் அரை பிஎஸ்ஐக்கு மேல் தாங்காது.

இரண்டாவது தடவை எல்லாவற்றையும் கோத்துவிட்டு மானோமீட்டரில் (சின்ன அழுத்தத்தை அளக்கிற கருவி) பார்ப்பது. விலை கொடுத்து வாங்கலாம், இல்லையென்றால் கண்ணாடி போலத் தெரிகிற ஹோஸை யூ வடிவில் பலகையில் கட்டி வண்ணத் தண்ணீர் ஊற்றினாலே போதும், இரண்டு பக்கத் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் அளவு. அடுப்பின் ஒரு பர்னரைத் தூக்கிவிட்டு அதன் ஜெட்டில் (கேஸ் வெளியே வருகிற சின்ன முனை) ஹோஸைச் செருகி அந்தக் குமிழைத் திறந்து வையுங்கள். சிலிண்டரைத் திறந்து பிறகு மூடிவிட்டு, இன்னொரு பர்னரில் கொஞ்சம் கேஸை விட்டு அளவை 9 அங்குலத்துக்கு இறக்குங்கள். ஏன் இறக்க வேண்டும் என்றால், 11-இல் ரெகுலேட்டர் தன்னை அடைத்துக்கொண்டிருக்கும், அதற்கு முன்னால் உள்ள ஹோஸில் கசிவு இருந்தால் காட்டாது. 9-க்கு வந்தால் ரெகுலேட்டர் திறந்திருக்கும், சிலிண்டர் வால்விலிருந்து அடுப்பு வரை எல்லாமே ஒரே குழாயாகிவிடும். அப்படியே மூன்று நிமிடம். தண்ணீர் இறங்கினால் எங்கேயோ கசிகிறது. ஏறினால் மூடிய சிலிண்டர் வால்வு சரியாக மூடவில்லை. நான் பழைய லைனில் இதைச் செய்து பார்த்தபோது மூன்று நிமிடம்கூடத் தேவைப்படவில்லை, கண்ணெதிரே இறங்கியது.

மூன்றாவது சோப்புத் தண்ணீர். ரெகுலேட்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நட்டிலும் தடவிப் பாருங்கள். அமோனியா கலந்த சோப்பு வேண்டாம், பித்தளையை வெடிக்க வைக்கும். கசிவு பார்க்கிறேன் என்று தீக்குச்சியை மட்டும் கொண்டுபோகாதீர்கள், இப்படிச் செய்கிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

லைன் முடிந்த பிறகு கருவிகளையும் பாருங்கள். பர்னர் குழாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கும், அடைத்துக்கொண்டால் ஜுவாலை மஞ்சளாகி கார்பன் மோனாக்சைடு என்கிற விஷ வாயு வரும். சில பழைய அடுப்புகளில் பைலட் (பற்றவைக்க எப்போதும் எரிகிற சின்ன ஜுவாலை) அணைந்தால் கேஸை நிறுத்துகிற ஏற்பாடே இருக்காது, என்னுடையதில் இல்லை, அதனால் தூங்குவதற்கு முன் சிலிண்டரை மூடிவிடுவது எங்கள் பழக்கம். வண்டி ஓடும்போதும் மூடித்தான் வைக்கிறோம். புரொப்பேன் அலாரத்தைத் தரையை ஒட்டி வைக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு, அதை படுக்கை உயரத்தில் வைத்தேன். இரண்டிலும் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும்.

எனக்குப் பொருள் செலவு பெரிதாக இல்லை, பெரும்பகுதி நேரம்தான் போனது. கடைசிச் சோதனைக்கு வந்த டெக்னீஷியன் ஒரு ஃபிளேரை மட்டும் கால் திருகு இறுக்கச் சொன்னார், மானோமீட்டர் அசையவில்லை. அம்மா வருகிற மே மாதம் மறுபடி வருகிறார். பாய் டிரெய்லரிலேயே சுருட்டி வைத்திருக்கிறது, அலாரம் அதன் தலைமாட்டில் இருக்கிறது, ஏப்ரலில் பனி உருகியதும் யூ ஹோஸை எடுத்து ஒரு தடவை பார்த்துவிடுவேன். உங்கள் டிரெய்லருக்கு அடியில் படம் எடுத்துப் போட முடிந்தால் போடுங்கள், குழாய் எந்த வழியாக ஓடுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.