கூரை முதலில் ஒழுகியது எப்போது?

கேள்வி: பாரிஸின் புறநகரான சார்செல்லில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்துவிட்டு, ஓய்வுபெற்றதும் பிரான்சின் கோரெஸ் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பழைய கல்வீடு வாங்கினோம். உள்ளூர்க் கூரைக்காரர் 27,000 யூரோவுக்கு ஸ்லேட் கல் ஓட்டுக் கூரையைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். சென்ற அக்டோபரில் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுக் குடியேறினோம். ஜனவரியில் படுக்கையறையின் உள்கூரை இடிந்து விழுந்தது. 5,000 யூரோ தருகிறேன், அதோடு விட்டுவிடுங்கள் என்கிறார். மேயரும் அக்கம்பக்கத்தாரும் அவர் பக்கம். ஈஸ்டர் விடுமுறையில் என் மைத்துனர் ஆட்களோடு வந்து கூரையைப் பிரித்துச் சரிசெய்வதாக இருக்கிறார். அதன்பின் வழக்குப் போடலாமா?

பதில்: நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மேயர் முகம் கொடுத்துப் பேசாதது, 'பாரிஸ்காரர்கள்' என்று பக்கத்து வீட்டுக்காரர் முணுமுணுத்தது, உங்கள் மனைவியின் தூக்கம் போனது எல்லாம் வருத்தத்துக்குரியவைதான். நீதிபதிக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. மூன்றாம் பக்கத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'செப்டம்பர் மழையிலேயே புகைபோக்கி ஓரம் ஈரம் கசிந்தது, படம் எடுத்து அனுப்பினேன், காய்ந்துவிடும் என்றார்.' உங்கள் வழக்கின் உயிர் அந்த வரியில் இருக்கிறது.

டெசெனால், அதாவது கட்டுமான வேலையின் பெரிய குறைகளுக்கு வேலை செய்தவர் பொறுப்பேற்கும் பத்தாண்டு உத்தரவாதம், வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்ட நாளில் தொடங்குகிறது. ஏற்பைக் குறித்து எதிலும் நீங்கள் கையெழுத்திடவில்லை. ஆனால் முழுப் பணமும் கொடுத்துக் குடியேறியதால், அக்டோபரில் ஏற்றுக்கொண்டீர்கள் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இதுவரை உங்களுக்கு நல்லதுதான். ஆனால் ஏற்றுக்கொண்ட நாளில் கண்ணுக்குத் தெரிந்த குறையை எழுத்தில் குறிக்காமல் விட்டால், அந்தக் குறைக்கு உத்தரவாதம் இல்லை. கூரைக்காரருக்குக் காப்பீடு கொடுத்த நிறுவனத்தின் வழக்கறிஞர் உங்கள் செப்டம்பர் படத்தைத்தான் முதலில் மேசையில் வைப்பார். அழித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், கூரைக்காரரின் கைபேசியிலும் அது இருக்கிறது.

தப்பிக்க ஒரு வழி உண்டு. அன்று தெரிந்தது உள்ளங்கை அகல ஈரம். அதன் முழு அளவும் விளைவும் பின்னால்தான் வெளிப்பட்டன என்று நிறுவினால், குறையை மறைந்திருந்ததாகவே நீதிமன்றங்கள் கொள்கின்றன. அதை நிறுவுவது நீங்களோ நானோ அல்ல, கூரைமேல் ஏறிப் பார்க்கும் நிபுணர்.

அதனால்தான் உங்கள் மைத்துனரை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. என்னிடம் வந்த ஒருவர், மழைக்குப் பயந்து ஒரே வாரத்தில் கூரையைப் புதுப்பித்துவிட்டு, பழைய ஸ்லேட்டுகளைக் குப்பைக் கிடங்கில் கொட்டிவிட்டு, கையில் பில்லோடு வந்தார். கூரை அழகாக இருந்தது. துத்தநாகத் தகடு குட்டையாக வெட்டப்பட்டிருந்ததா, கொக்கிகள் தவறாக மாட்டப்பட்டிருந்தனவா என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. மூன்றாண்டுகள் அலைந்து, எதிர்த்தரப்பின் செலவையும் சேர்த்துக் கட்டினார். மைத்துனர் வரட்டும், ஈஸ்டர் முட்டை தேடட்டும், ஏணியில் மட்டும் ஏறக் கூடாது. நேரில் பார்த்ததைச் சான்றாக எழுதித் தரும் சட்ட அலுவலரான கமிசேர் தெ ஜுஸ்தீஸை (பழைய உய்சியேதான், 2022 ஜூலையிலிருந்து பெயர் மாறிவிட்டது) அழைத்து நிலவரத்தைப் பதிவுசெய்யுங்கள். பிறகு தார்ப்பாய் போட்டு மூடுங்கள், ஒரு ஸ்லேட்டைக்கூட நகர்த்தாமல்.

அடுத்து, கூரைக்காரரின் காப்பீட்டுச் சான்றிதழ். அது வேலை தொடங்கிய நாளில் செல்லுபடியாகியிருக்க வேண்டும். அதில் கூரை வேலை என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். கொத்து வேலைக்கு மட்டும் காப்பீடு எடுத்துக்கொண்டு கூரையில் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அறிவிக்காத தொழிலுக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒரு காசு தராது. உங்களுக்கு மிஞ்சுவது ஒரு பழைய வேனும் கடனும் உள்ள ஆளின் மீதான தீர்ப்பு.

பதிவுத் தபால் அனுப்பியிருப்பீர்கள், சரி. அது காலக்கெடுவை நிறுத்தாது. பத்தாண்டு உத்தரவாதத்தோடு, ஏற்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள் தெரியவரும் குறைகளுக்கான ஓராண்டு உத்தரவாதத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டுமானால், வரும் அக்டோபருக்குள் அழைப்பாணை அவர் கையில் சேர வேண்டும்.

வழக்கைவிடச் சமரசத்தையே சொல்வேன். ப்ரீவ் நகர நீதிமன்றத்தில் நிபுணரைக் கேட்டால், அவருக்கான சில ஆயிரம் யூரோ முன்பணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். அறிக்கை வர ஓராண்டுக்கு மேல் ஆகலாம். செப்டம்பர் படம் வேறு இருக்கிறது. உங்கள் வீட்டுக் காப்பீட்டில் சட்டப் பாதுகாப்புப் பிரிவு (தகராறுச் செலவை ஏற்பது) இருந்தால், அதன்வழி ஒரு நிபுணரை வரவழையுங்கள். அவர் வரும்போது எதிர்த்தரப்பின் காப்பீட்டு நிறுவனமும் அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூரைக்காரர் தவறை ஒப்புக்கொண்டாலும் அந்த ஒப்புதல் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று நிறுவனம் கைவிரிக்கும். மறுவேலைச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால், நான் கையெழுத்திடச் சொல்வேன்.

அந்த 5,000 யூரோத் தாளில் மட்டும் இப்போது கையெழுத்திடாதீர்கள். 'கூரை தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன' என்ற வரி அதில் இருக்கக்கூடும். இருந்தால் மீதிக் கூரையின் பத்தாண்டும் அதோடு போகும். 'புகைபோக்கிப் பக்கச் சரிவு மட்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். தார்ப்பாய் வாங்கிய ரசீதையும் எடுத்து வையுங்கள், அந்தத் தொகையையும் கேட்கலாம்.